எபெண்டிமோமா திரும்பி வந்தபோது எங்கள் கையில் இருந்தவை

சிறு குழந்தைகளுக்கு மூளையில் கட்டி வருவதே அரிது. அந்தக் கட்டிகளுக்குள்ளும் எபெண்டிமோமா அரிது. எங்கள் மகளுக்கு மூன்று வயது நிறையும் முன்பே அந்தப் பெயரை நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து, முடி வளர்ந்து, அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த காலத்தில் அதே இடத்தில் கட்டி மீண்டும் வளர்ந்தது. முதல் முறை நோய் வரும்போது, முதலில் அறுவை, அதன்பின் கதிர்வீச்சு என்று உலகெங்கும் ஏறத்தாழ ஒரே வழியைத்தான் பின்பற்றுகிறார்கள். திரும்பி வந்த கட்டிக்கு அப்படிப்பட்ட ஒரே வழி கிடையாது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக யோசித்து முடிவு செய்கிறார்கள். அந்த யோசனைக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி முதல் சிகிச்சையின்போது உண்டான ஆவணங்களும் திசுவும் படங்களும்தான். அவை கையில் இருந்தால் மருத்துவர்களால் செய்யக்கூடியவை அதிகம். இல்லாவிட்டால், எவ்வளவு தேர்ந்த மருத்துவராக இருந்தாலும் சில சிகிச்சைகளைத் தொடவே தயங்குவார். இதைப் பிற பெற்றோருக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல, ஒரு தாய். எங்கள் குழந்தைக்குச் சரியாக இருந்தது இன்னொரு குழந்தைக்கும் சரியாக இருக்கும் என்று கொள்ள வேண்டாம்.

நோயைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றவை விளங்கும். மூளைக்குள் நான்கு அறைகள் உண்டு. அவற்றில் ஊறும் தெளிந்த நீர் ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடி, கடைசியில் சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் நடுவே உள்ள நான்காம் அறையின் சிறு துளைகள் வழியாக வெளியேறுகிறது. வாய்க்காலுக்கு மதகு எப்படியோ அப்படித்தான் இந்த நீருக்கு அந்த நான்காம் அறை. அறைகளின் உட்சுவரை ஒட்டியுள்ள செல்களிலிருந்து தோன்றுவது எபெண்டிமோமா. சிறு குழந்தைகளுக்கு அது பெரும்பாலும் அந்த நான்காம் அறையில்தான் வருகிறது. கட்டி வளர்ந்து வழியை அடைத்ததும் நீர் பின்னோக்கித் தேங்கி, தலைக்குள் அழுத்தம் ஏறுகிறது. அதனால்தான் தொடக்கத்தில் தெரியும் அறிகுறிகள் கட்டியைவிட அழுத்தத்தையே காட்டுகின்றன: காலையில் எழுந்தவுடன் வாந்தி, வாந்தி எடுத்தபின் குழந்தை தெளிந்து விளையாடுவது, தலையை ஒருபக்கம் சாய்த்தே வைத்திருப்பது, நன்றாக நடந்துகொண்டிருந்த குழந்தை தள்ளாடி விழுவது.

எங்கள் மகளுக்கு வாந்தி தொடங்கியபோது வயிற்றுக்கோளாறு என்றே பல வாரங்கள் மருந்து கொடுக்கப்பட்டது. வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் இல்லாமல் காலை வாந்தி மட்டும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், குறிப்பாக நடையிலோ தலைச் சாய்விலோ மாற்றம் சேர்ந்துகொண்டால், கண் மருத்துவரிடம் கண்ணின் உள்நரம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நரம்பு வீங்கியிருந்தால் தலைக்குள் அழுத்தம் இருக்கிறது என்று பொருள். உடனே ஸ்கேன் எடுத்துவிடுவார்கள். சிறு ஊர்களில்கூடக் கிடைக்கும் பரிசோதனை அது.

முதல் அறுவைச் சிகிச்சையைப் பற்றி நீட்டிச் சொல்லப் போவதில்லை. எபெண்டிமோமாவில் குழந்தையின் எதிர்காலத்தைப் பெரிதும் முடிவு செய்வது, அறுவையில் கட்டியைக் கண்ணுக்கு எட்டியவரை முழுமையாக எடுக்க முடிந்ததா என்பதே. அதனால் அறுவை முடிந்த 72 மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள், அதற்குமேல் தாமதித்தால் ஆறிவரும் திசுவும் இரத்தக் கசிவும் படத்தைக் குழப்பிவிடும். மிச்சம் இருந்தால், பாதுகாப்பாக எடுக்க முடியுமென்றால், மீண்டும் திறந்து எடுப்பதும் வழக்கத்தில் உள்ளதே. எங்கள் மகளுக்கு அப்படித்தான் நடந்தது. அந்த 72 மணி நேரப் படம் இருக்கிறதே, அது பின்னாளில் வரும் ஒவ்வொரு படத்துக்கும் அளவுகோல். திரும்பி வந்த கட்டியைப் பார்த்த மருத்துவர்கள் அனைவரும் முதலில் கேட்டது அதைத்தான்.

அறுவைக்குப் பிறகு இரண்டாம் நாள் அவள் பேச்சு நின்றது. விழித்திருந்தாள், எங்களைப் பார்த்தாள், ஆனால் ஒரு சொல்லும் வரவில்லை. அழுகை மட்டும் வந்தது. சிறுமூளைப் பகுதியில் அறுவை செய்யப்படும் குழந்தைகளில் கால்வாசிப் பேர்வரை இந்த நிலைக்குப் போவதுண்டு என்றும், ஓரிரு நாள் கழித்தே இது தொடங்கும் என்றும், வாரங்களிலோ மாதங்களிலோ பேச்சு திரும்பும் என்றும் மருத்துவர் விளக்கினார். அறுவைக்கு முன்பே இதைப் பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் தெரியாமல் எதிர்கொள்ளும்போது அது தரும் பயம் சொல்லி முடியாது. விழுங்கும் நரம்புகளும் அருகிலேயே இருப்பதால் சில வாரங்கள் மூக்குக் குழாய் வழியாகத்தான் அவளுக்கு உணவு போனது. பேச்சுப் பயிற்சியாளரை வீட்டுக்குப் போனபின் தேடாமல், மருத்துவமனையிலேயே முதல் வாரத்தில் கேட்டு வாங்குங்கள்; பேச்சைப் போலவே விழுங்குவதையும் அவர்கள்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அதன்பின் கதிர்வீச்சு. எங்கள் பக்கத்தில் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்வார்கள். எபெண்டிமோமாவுக்கு வழக்கமாக 54 முதல் 59.4 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) வரை, நாளொன்றுக்கு 1.8 கிரே வீதம், வாரத்தில் ஐந்து நாள் கொடுக்கிறார்கள். அதனால் ஆறு அல்லது ஏழு வாரம் ஆகிறது. கொடுப்பது சில நிமிடந்தான் என்றாலும் மூன்று வயதுக் குழந்தை அசையாமல் படுக்காது. ஆகவே தினமும் மயக்க மருந்து, தினமும் பட்டினி. திட உணவுக்கு ஆறு மணி நேரம், தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் என்பது நாங்கள் கடைப்பிடித்த விதி. காலை முதல் நேரத்தைக் கேட்டு வாங்கினால் இரவு உணவுக்கும் சிகிச்சைக்கும் இடையே குழந்தை தூங்கிவிடும். பிற்பகலில் நேரம் கிடைத்த குழந்தைகள் பசியால் அழுததை நாங்கள் பார்த்திருக்கிறோம். தயங்காமல் கேளுங்கள், சிறு குழந்தைகளுக்கு முதல் நேரம் கொடுப்பதைப் பெரும்பாலான மருத்துவமனைகள் ஒப்புக்கொள்கின்றன.

புரோட்டான் சிகிச்சையைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். சென்னையில் 2019-இல் தொடங்கப்பட்ட அப்போலோ புரோட்டான் மையம் தெற்காசியாவிலேயே முதலாவது. புரோட்டான் கதிர் கட்டி இருக்கும் ஆழத்தில் நின்றுவிடுவதால் அதற்கு அப்பால் உள்ள நல்ல மூளைக்குக் கதிர் குறைவாகப் போகிறது; வளரும் குழந்தைக்கு அது பெரிய நன்மைதான். ஆனால் கட்டியை அழிப்பதில் வழக்கமான கதிருக்கு அது மேலானதல்ல, செலவோ பல மடங்கு. பணம் புரட்டுவதற்காகச் சிகிச்சையை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதைவிட, தேர்ந்த குழு திட்டமிட்ட வழக்கமான கதிர்வீச்சை உரிய காலத்தில் முடிப்பதே மேல் என்று எங்கள் மருத்துவர் சொன்னார். அப்படியே செய்தோம், இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

கடைசி நாள் கதிர்வீச்சு முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது, எங்களோடு பழகிய, கதிரின் அளவைக் கணக்கிட்டுத் திட்டமிடும் ஒரு மருத்துவ இயற்பியலாளர், “அம்மா, பிளான் டேட்டாவை ஒரு டிஸ்கில் வாங்கிக்கொண்டு போங்கள், இது டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்காது” என்றார். அது எதற்கு என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை, இருந்தும் வாங்கிக்கொண்டோம். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. மூளையில் எந்தப் புள்ளிக்கு எவ்வளவு கதிர் போயிருக்கிறது என்ற வரைபடம் அதில் இருக்கிறது. மூளைத்தண்டு, பார்வை நரம்பு, உட்செவி, தண்டுவடம் ஆகிய ஒவ்வொன்றும் தன் வாழ்நாளில் தாங்கக்கூடிய கதிருக்கு ஓர் எல்லை உண்டு. இரண்டாம் முறை கொடுக்கும்போது, முன்பு போனதையும் இப்போது போகவிருப்பதையும் புள்ளிக்குப் புள்ளி கூட்டிப் பார்க்க வேண்டும். ‘54 கிரே கொடுக்கப்பட்டது’ என்று காகிதத்தில் எழுதியிருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. மருத்துவமனைகள் கருவியையும் மென்பொருளையும் மாற்றுகின்றன, பழைய கோப்புகள் தேடினால் கிடைக்காமல் போவதுண்டு. ஆகவே சிகிச்சை முடியும் வாரத்திலேயே கேட்டு வாங்கிவிடுவதுதான் சரி.

எபெண்டிமோமா திரும்பினால் பெரும்பாலும் முதலில் இருந்த இடத்திலேயே திரும்புகிறது. சில குழந்தைகளுக்கு ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு கழித்தும் வருகிறது. அதனால் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். எங்கள் மகள் துள்ளி விளையாடிக்கொண்டிருந்த ஒரு பருவத்தில், எந்த அறிகுறியும் இல்லாமல், இப்படிப்பட்ட ஒரு வழக்கமான ஸ்கேனில்தான் அது தெரிந்தது. குழந்தை நன்றாகத்தானே இருக்கிறாள், இந்த முறை ஸ்கேனைத் தள்ளிப்போடலாமா, மறுபடி ஏன் மயக்க மருந்து என்று உறவினர்கள் கேட்டார்கள். கட்டி சிறிதாக இருக்கும்போது தெரிந்ததால்தான் அதை மீண்டும் அறுத்து எடுக்க முடிந்தது. நலமாக இருக்கும் குழந்தைக்குத்தான் அந்த ஸ்கேன் மிகவும் தேவை என்று இப்போது யார் கேட்டாலும் அழுத்திச் சொல்கிறேன்.

ஆனால் படத்தில் புதிதாக வெளுப்பது எல்லாம் கட்டி அல்ல. கதிர்வீச்சுக்குப் பிறகு சில மாதங்களில் நல்ல மூளைத்திசுவே வீங்கி, மருந்தேற்றிய படத்தில் கட்டி போலத் தெரிவதுண்டு; அது பெரும்பாலும் தானாகவே வடியும். இரண்டையும் பிரித்தறியப் பழைய படங்கள் எல்லாம் வரிசையாக வேண்டும். சுவரொளியில் மாட்டிப் பார்க்கும் பிலிம் போதாது. டிஸ்கில் இருக்கும் மூலப்படங்களே வேண்டும். முடிந்தவரை ஒரே ஸ்கேன் மையத்தில், ஒரே முறையில் எடுப்பதும் ஒப்பிட உதவும். டிஸ்க்குகள் கீறலாகிவிடும் என்பதால் என் கணவர் ஒவ்வொன்றையும் பென் டிரைவிலும் கணினியிலும் படியெடுத்துத் தேதியிட்டு வைத்திருந்தார். எங்கள் விஷயத்தில் ஆறு வாரம் கழித்து மீண்டும் படமெடுத்து, வளர்ச்சி உறுதி என்று கண்ட பின்னரே மருத்துவர்கள் அடுத்த பேச்சைத் தொடங்கினார்கள். அந்த ஆறு வாரம் எங்களுக்குக் கொடுமையாக இருந்தது. ஆனால் அது வீணான காத்திருப்பு அல்ல. அதே சமயத்தில் முதுகுத்தண்டு முழுவதற்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், முதுகில் ஊசியிட்டு நீர் எடுத்தும் சோதித்தார்கள். கட்டியின் செல்கள் அந்த நீரோடு இறங்கித் தண்டுவடத்தில் ஒட்டியிருந்தால் சிகிச்சையே வேறு.

அடுத்து அவர்கள் கேட்டது முதல் அறுவையில் எடுத்த திசு. அதை மெழுகில் பதித்து ‘பிளாக்’ என்ற பெயரில், திசுவைச் சோதித்து நோயைக் கண்டறியும் நோய்க்குறியியல் துறையில் வைத்திருப்பார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு வகைப்பாட்டுக்குப் பிறகு, எபெண்டிமோமா என்று பொதுவாகச் சொல்வதோடு நிறுத்துவதில்லை. அது இருக்கும் இடத்தையும் மரபணுக் கூறுகளையும் கொண்டு பல வகையாகப் பிரிக்கிறார்கள். சிறு குழந்தைகளின் நான்காம் அறைப் பகுதியில் வருவது பெரும்பாலும் பி.எஃப்.ஏ. என்ற வகை, வளர்ந்தவர்களுக்கு வரும் பி.எஃப்.பி. வகையைவிட இது கடுமையானது. செல்லின் உட்கருவில் உள்ள ஒரு புரதத்தின் குறி மறைந்திருக்கிறதா என்று சாயமேற்றிப் பார்த்தே பி.எஃப்.ஏ. வகையை அடையாளம் காண்கிறார்கள். பெரிய மருத்துவமனைகளின் ஆய்வகங்களில் அது முடிகிறது. முதலாம் குரோமோசோமின் நீண்ட கையில் கூடுதல் பிரதி இருக்கிறதா என்பதையும் பார்க்கிறார்கள், இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல். சில நேரம் மறுஆய்வில் நோயின் பெயரே மாறிவிடும். அப்படி மாறினால் சிகிச்சையும் மாறும். பிளாக்கை மருத்துவமனை எளிதில் கொடுக்காது. சிகிச்சை தரும் மருத்துவர் கடிதம் எழுதிக் கேட்டால் இரவலாகக் கொடுப்பார்கள், வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். பிளாக்கின் எண்ணை நோய்க்குறியியல் அறிக்கையிலிருந்து குறித்து வைத்துக்கொண்டால் தேடும் வேலை மிச்சம்.

இரண்டாம் கருத்துக் கேட்பதில் தமிழகப் பெற்றோர் ஓரளவு கொடுத்து வைத்தவர்கள். இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையை 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். மறு ஆண்டே சென்னைப் பொது மருத்துவமனையில் பா. ராமமூர்த்தி தொடங்கினார்; டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் நிலையம் இன்றும் ஏழைக் குழந்தைகளுக்கு மருத்துவம் பார்க்கிறது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து பெற்றோர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இங்கே வருவதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். இரண்டு அறுவை நிபுணர்களைப் பார்த்தோம், முதலாமவரே அதற்குக் கடிதமும் கொடுத்தார். இரண்டாம் கருத்துக் கேட்டால் மருத்துவர் வருத்தப்படுவார் என்ற அச்சம் நம்மிடம் அதிகம். நல்ல மருத்துவர் வருத்தப்படுவதில்லை.

அவர்களிடம் நாங்கள் கேட்டவற்றுள் மிகவும் பயன்பட்ட கேள்வி இது: “எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வீர்கள்?” கட்டி விழுங்கும் நரம்புகளையும் மூளைத்தண்டையும் ஒட்டியிருந்தது. முழுவதும் எடுக்கப் போய்க் குழந்தை வாழ்நாள் முழுக்கக் கழுத்துத் துளை வழியாக மூச்சுவிட நேர்வதும் உண்டு. அஞ்சிப் பாதியில் நிறுத்தினால் அறுவையின் பயனே குறைந்துவிடும். ஒரு நிபுணர், நரம்புகளின் துடிப்பைக் கருவியில் பார்த்துக்கொண்டே போவேன், துடிப்பு மங்கினால் அந்த இடத்தில் மெல்லிய படலத்தை விட்டுவிடுவேன், அதைக் கதிர்வீச்சு பார்த்துக்கொள்ளும் என்று தெளிவாகச் சொன்னார். நாங்கள் அவரிடமே ஒப்படைத்தோம். முடிவு எடுப்பதற்கு முன் அறுவை நிபுணர், கதிர்வீச்சு மருத்துவர், குழந்தைப் புற்றுநோய் மருத்துவர், கதிர்ப்பட நிபுணர், நோய்க்குறியியல் நிபுணர் ஆகியோர் ஒன்றாக உட்கார்ந்து பேசும் கூட்டத்தில் எங்கள் குழந்தையின் படங்கள் வைக்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். அந்தக் கூட்டத்தின் முடிவை எழுத்தில் பெற்றுக்கொள்வது அவசியம். வெவ்வேறு அறைகளில் வெவ்வேறு பேச்சு கேட்டுக் குழம்பாமல் இருக்க அது ஒன்றே வழி.

ஒருமுறை கதிர்வீச்சு பெற்ற குழந்தை மூளைக்கு மறுமுறை கொடுக்கவே கூடாது என்ற எண்ணம்தான் நீண்ட காலம் நிலவியது. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் உள்ள செயின்ட் ஜூட் மருத்துவமனையும் கனடாவின் டொராண்டோ குழந்தைகள் மருத்துவமனையும் திரும்பி வந்த எபெண்டிமோமாவுக்கு மறுகதிர்வீச்சு கொடுத்துக் கிடைத்த பலன்களை 2008-இலும் 2012-இலும் வெளியிட்ட பின், அந்த எண்ணம் மாறிவிட்டது. அறுவை மட்டும் பெற்ற குழந்தைகளைவிட, மறுகதிர்வீச்சும் பெற்ற குழந்தைகளுக்கு நோய் நீண்ட காலம் அடங்கியிருந்தது. முதல் கதிர்வீச்சுக்கும் இதற்கும் இடையே ஓராண்டாவது கழிந்திருப்பதை விரும்புகிறார்கள். கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கொடுப்பதா, மூளைக்கும் தண்டுவடம் முழுமைக்கும் கொடுப்பதா என்பதில் எங்கள் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. முழுமைக்கும் கொடுத்தால் வேறிடத்தில் முளைப்பதைத் தடுக்கலாம். ஆனால் முதுகெலும்பின் வளர்ச்சியும் குழந்தையின் கற்கும் திறனும் பாதிக்கப்படும். தண்டுவடப் படமும் நீரும் தூய்மையாக இருந்ததாலும் அவள் வயது சிறியது என்பதாலும் இடத்துக்கு மட்டும் என்று முடிவாயிற்று. மறுகதிர்வீச்சின் பெரிய ஆபத்து மூளைத்தண்டுத் திசு சில மாதங்களுக்குப் பின் நசிவது. தள்ளாட்டம், விழுங்கத் திணறல், இரட்டைப் பார்வை என்று ஏதேனும் வந்தால் அன்றே கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். ஸ்டீராய்டும் பெவாசிஸுமாப் என்ற மருந்தும் அதற்குக் கொடுப்பார்கள். இந்த ஆபத்தை முன்கூட்டிச் சொல்லாத இடத்தில் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கீமோவைப் பற்றி எங்கள் மருத்துவர் நேர்மையாகவே பேசினார். எபெண்டிமோமா கீமோவுக்குப் பெரிதாக அடங்குவதில்லை. வாய்வழி எட்டோபோசைடு போன்ற மருந்துகள் சில குழந்தைகளுக்குச் சில காலம் நோயை நிறுத்தி வைக்கின்றன, குணமாக்குவதில்லை. அறுவையும் கதிரும் இயலாத நிலைக்காக அதை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். எதையாவது கொடுங்கள் என்று பெற்றோர் கெஞ்சுவது இயல்பு; கொடுக்காமல் இருப்பதும் ஒரு மருத்துவ முடிவுதான் என்று அன்று புரிந்துகொண்டோம். இந்த இடைவெளியில்தான் பொடியும் லேகியமும் கொண்டு வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். அன்பினால் கொண்டு வருபவர்கள்தான் பெரும்பாலானோர். எது கொடுத்தாலும் முதலில் சிகிச்சை தரும் மருத்துவரிடம் காட்டுவது என்று வைத்துக்கொண்டோம். ஈரலைக் கெடுக்கும், இரத்தம் உறைவதைக் குலைக்கும் என்று அவர் சொன்ன எதையும் வாயில் வைக்கவிடவில்லை.

மறுகதிர்வீச்சின்போது அவளுக்கு விவரம் புரியும் வயது. முகத்துக்கு ஏற்ப வெந்நீரில் மென்மையாக்கி வார்க்கும் வலைமுகமூடியைப் போட்டுப் படுக்கையோடு பொருத்துவார்கள். அந்த முகமூடியை முன்னதாகவே காட்டி, அவளுடைய பொம்மைக்கு ஒன்று செய்து, அசையாமல் படுக்கும் விளையாட்டைப் பயிற்சியாளர் ஒருவர் கற்றுக்கொடுத்தார். வீட்டில் அப்பாயி, காக்கை வடை திருடிய கதையைப் போனில் பதிவு செய்து கொடுத்தார்கள்; சிகிச்சை நேரம் முழுவதும் ஓடும்படி நரியும் காக்கையும் பேசிக்கொண்டே இருக்கும். சில நாள் பயிற்சிக்குப் பின் மயக்க மருந்தே இல்லாமல் அவள் படுக்கத் தொடங்கினாள். இது எல்லாக் குழந்தைகளுக்கும் இயலாது. ஆனால் முயன்று பார்க்கும்படி கேட்கலாம். மயக்கமில்லாத நாளில் பட்டினியும் இல்லை, அன்றைய பொழுது முழுக்க அவளுடையது.

டெக்சாமெத்தசோன் பற்றி ஒரு சொல். வீக்கத்தை அடக்கும் அந்த ஸ்டீராய்டு இல்லாமல் இந்தச் சிகிச்சை நடக்காது. ஆனால் அதனால் வரும் அடங்காப் பசியும் உப்பிய முகமும் காரணமில்லாத கோபமும் குழந்தையின் குற்றமல்ல. நள்ளிரவில் தயிர்சாதம் கேட்டு அழுதவளை நாங்கள் ஒருபோதும் கடியவில்லை. அதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். குறைக்கும் அட்டவணையை எழுதி வாங்கி அடுக்களைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் விடுவது நேர்மையல்ல. தமிழக அரசின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் முன் அனுமதி பெற வேண்டும். ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் சலுகை உண்டு: படுக்கை வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியிலும் நோயாளிக்கு முழுக் கட்டணமும், துணைக்கு முக்கால் பங்கும் தள்ளுபடி. மருத்துவமனையில் அதற்கென்று உள்ள படிவத்தில் கையெழுத்து வாங்கினால் போதும். மருத்துவமனையின் சமூகப் பணியாளரை முதல் நாளே போய்ப் பாருங்கள். இவற்றையெல்லாம் எங்களுக்குச் சொன்னவர் அவர்தான்.

குழந்தையிடம் உண்மையைச் சொல்வதா என்பதில் வீட்டில் பெரும் விவாதம் நடந்தது. “தலைக்குள்ள இருந்த கட்டி மறுபடி வந்திருக்கு பாப்பா, டாக்டர் எடுத்துருவாங்க, அம்மா பக்கத்திலேயே இருப்பேன்” என்று நானே சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: மறுபடி பேச்சு வராமல் போய்விடுமா என்று. முதல் முறை நடந்தது அவளுக்கு நினைவில்லை என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். வராமல் போனாலும் திரும்பி வரும் என்றும், அதுவரை கைச்சாடையில் பேசலாம் என்றும் சொல்லி, தண்ணீர், வலி, அம்மா, போதும் ஆகிய நான்குக்கும் சாடை வைத்துக்கொண்டோம். இந்த முறை பேச்சு நிற்கவில்லை. அவளுடைய அண்ணனுக்கு அப்போது பத்து வயது. அவனை உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் போவதைத் தவிர்க்க முடியவில்லை. ஆனால் வாரம் ஒருமுறை மருத்துவமனைக்கு வரவழைத்து, மருத்துவரிடம் அவனே கேள்வி கேட்க விட்டோம். தன்னால்தான் தங்கைக்கு இப்படி ஆயிற்றோ என்று அவன் மனத்தில் வைத்திருந்தது அங்கேதான் வெளியே வந்தது. ஊஞ்சலில் வேகமாக ஆட்டிவிட்டானாம். அதனால் வரவில்லை என்று மருத்துவர் அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னதற்கு, நாங்கள் நூறு முறை சொன்னாலும் ஈடாகியிருக்காது.

வலி தணிப்பு மருத்துவக் குழுவை அறிமுகப்படுத்தியபோது என் கணவர் கலங்கிப் போனார்; கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்தார். உண்மையில் வாந்தி, வலி, தூக்கமின்மை, மலச்சிக்கல் என்று அன்றாடம் அவளை வாட்டியவற்றைச் சீராக்கியவர்கள் அவர்கள்தான். குணமாக்கும் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே இதுவும் சேர்ந்து நடக்க வேண்டியது. ஒவ்வொரு புதிய சிகிச்சையின்போதும், இதன் நோக்கம் குணமாக்குவதா, காலத்தை நீட்டுவதா, துன்பத்தைக் குறைப்பதா என்று வெளிப்படையாகக் கேட்கும் துணிவை எங்களுக்குக் கொடுத்தவர்களும் அவர்கள். மறுகதிர்வீச்சின்போது, குணமாக வாய்ப்பு உண்டு, ஆனால் அது பாதிக்கும் குறைவு என்று விடை வந்தது. அந்த விடையைத் தெரிந்துகொண்டு செய்ததால் எங்கள் இருவருக்குள்ளும் பின்னால் வருத்தம் வரவில்லை. கட்டி மூன்றாம் முறை வந்தால் எதைச் செய்வோம், எதைச் செய்ய மாட்டோம் என்றும் நலமாக இருக்கும் இந்தக் காலத்திலேயே பேசி வைத்திருக்கிறோம்.

இப்போது அவள் மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். இதுவரை எடுத்த ஸ்கேன்களில் புதிதாக எதுவும் இல்லை. வலச்செவியில் கேட்கும் திறன் குறைந்திருப்பது, முதல் கதிர்வீச்சுக்கு முன் எடுத்த செவித்திறன் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததால் விரைவிலேயே தெரிந்தது. கருவி பொருத்தியிருக்கிறோம், வகுப்பில் இடப்பக்கச் செவி ஆசிரியரை நோக்கியிருக்கும்படி இருக்கை கொடுத்திருக்கிறார்கள். பாடம் அவளுக்குப் புரிகிறது, எழுதுவதற்கு மட்டும் மற்றக் குழந்தைகளைவிட நேரம் வேண்டியிருக்கிறது. கதிர்வீச்சு பெற்ற மூளை தகவலைக் கையாளும் வேகம் குறைவு என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த கடிதத்தைப் பள்ளி மதித்து, தேர்வில் கூடுதல் நேரம் தருகிறது. கதிர் பட்டதால் தைராய்டும் வளர்ச்சி ஹார்மோனும் குறையலாம் என்பதால் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை உண்டு. கடந்த முறை அவள் வளர்ச்சி வேகம் குறைந்திருப்பதாக ஹார்மோன் மருத்துவர் கண்டார். கட்டி வந்த குழந்தைக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடலாமா என்று கேட்டோம். நோய் திரும்பும் வாய்ப்பை அது கூட்டுவதாக ஆய்வுகள் காட்டவில்லை, இருந்தாலும் சிகிச்சை முடிந்து ஓராண்டாவது நோயில்லாமல் கழிந்த பிறகே தொடங்குவது வழக்கம் என்றார். அந்தக் காலம் நெருங்குகிறது. அடுத்த எம்.ஆர்.ஐ. தெளிவாக இருந்தால், புற்றுநோய் மருத்துவரும் அவரும் சேர்ந்து முடிவு சொல்வார்கள்.